வேதநாயக சாஸ்திரியாரைத் தேடி தஞ்சாவூருக்கு

எங்க டீம்ல ஒரு அண்ணன் ஆறு மாசம் ஜெர்மனியில ஆன்சைட் இருந்துட்டு வந்தார். சாக்லேட்டை விட போட்டோதான் அதிகமா கொண்டுவந்திருந்தார். அதில் பாதி லைப்சிக் நகரத்து தாமஸ் தேவாலயம். யோஹான் செபாஸ்டியன் பாக் 1723-லிருந்து 1750-ல் சாகும்வரை இசைப் பொறுப்பாளரா வேலை பார்த்த இடம். அவர் கல்லறையும் இப்போ அங்கேதான் இருக்கு. "ஒரு பாட்டுக்காரருக்காக உலகம் பூரா இருந்து வர்றாங்கப்பா. நம்ம பக்கத்துல இப்படி ஒரு சர்ச் சொல்லு பாப்போம்" என்றார்.

கோயில் கேட்டிருந்தா சட்டுனு சொல்லியிருப்பேன். திருவாரூர், திருவையாறு, ஏன் எங்க மதுரை மீனாட்சி கோயிலே இருக்கு. சர்ச் என்றதும் வாயடைச்சுப் போச்சு. அன்னைக்கு ராத்திரி திருமங்கலத்து நண்பனுக்கு போன் போட்டேன். காலேஜ்ல நாலு வருஷம் ஒரே பெஞ்ச். அவன் சி.எஸ்.ஐ. சபையில் பாடகர் குழுவில் இருக்கிறவன். ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

"தஞ்சாவூர் மாப்ள. வேதநாயக சாஸ்திரியார். நானே போனதில்லை. வா, சேர்ந்து போயிட்டு வருவோம்."

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். வேதநாயகம் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர், முன்சீப் வேலை பார்த்தவர், 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' செய்தவர். அவர் 1826-ல் பிறந்தவர், கத்தோலிக்கர். நான் சொல்ல வருவது அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவரை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து 1864-ல் மறைந்த வேதநாயக சாஸ்திரியார். சாஸ்திரியார் என்பது சாதிப் பெயர் இல்லை, படிப்புக்குக் கிடைத்த பட்டம். குடும்பம் வேளாளர் குடும்பம். (இந்த விவரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.)

பிறந்த வருஷத்தை இன்னொரு தரம் பாருங்கள். தியாகராஜர் 1767, சியாமா சாஸ்திரி 1762, முத்துசுவாமி தீட்சிதர் 1770-களின் நடுவில். மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள், காவிரிக் கரையோரம் பாடித் திரிந்தவர்கள். அதே காலத்தில் அதே தஞ்சாவூரில் அதே ராகங்களையும் தாளங்களையும் எடுத்துக்கொண்டு ஒருத்தர் இயேசுவின் மேல் நூற்றுக்கணக்கில் கீர்த்தனை எழுதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருஷம் ஸ்கூல், நாலு வருஷம் இன்ஜினியரிங் என்று படித்த எனக்கு ஒரு பாடப்புத்தகமும் இதைச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் அஞ்சு மணிக்குக் கப்பலூரிலிருந்து கிளம்பினோம். (கப்பலே வராத ஊருக்குக் கப்பலூர்னு ஏன் பேர்னு கேட்காதீங்க. சிட்கோ, டோல்கேட், லாரி, இதுதான் எங்க ஊர்.) மேலூரில் டீ, திருப்பத்தூர், திருமயம் கோட்டை, புதுக்கோட்டையில் இட்லி, கந்தர்வக்கோட்டை தாண்டி தஞ்சாவூர். வழியெல்லாம் நண்பன் கீர்த்தனைப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே ராகம், தாளம் அச்சிட்டிருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மார்கழிக் கச்சேரி, திறந்தால் சர்ச் புத்தகம்.

தஞ்சாவூரில் பார்க்க வேண்டியது ஒரு சர்ச் இல்லை, ரெண்டு. ரெண்டுமே கதீட்ரல் இல்லை. கதீட்ரல் என்றால் பேராயரின் இருக்கை உள்ள ஆலயம், இங்கே அது கிடையாது. பெரிய கோபுரம், வண்ணக் கண்ணாடி என்றெல்லாம் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் வருவீர்கள்.

முதலாவது சிவகங்கைக் குளத்தை ஒட்டி இருக்கும் கிறிஸ்து ஆலயம். ஊரில் கேட்டால் சுவார்ட்ஸ் சர்ச் என்பார்கள். 1779-ல் கட்டியது. பெரிய கோயிலுக்குப் பக்கத்திலேயே, விமானத்தின் பார்வையில், அடக்கமா ஒரு வெள்ளைக் கட்டடம். ராஜராஜன் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எழுப்பின அந்த மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு இதைப் பார்த்தால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறது.

கட்டியவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். இங்குள்ள கிறிஸ்தவர்கள் 'சுவார்ட்ஸ் ஐயர்' என்கிறார்கள். (சபையில் குருவை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குக் காலேஜில்தான் தெரியும். நண்பன் "எங்க ஐயர் மட்டன் பிரியாணிக்குக் கூப்பிட்டிருக்காரு" என்று சொன்ன அன்னைக்கு ஹாஸ்டலே ஆடிப்போச்சு :-) ) 1726-ல் பிரஷ்யாவில் பிறந்து, ஹாலே நகரத்தில் படித்து, 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஹாலே யார் பிறந்த ஊர் தெரியுமா? ஹேண்டல். ஹாலேக்கும் லைப்சிக்குக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது, மதுரைக்கும் மேலூருக்கும் கொஞ்சம் மேலே. பாக் செத்த அதே வருஷம்தான் சுவார்ட்ஸ் நம்ம கடற்கரையில் கால் வைத்தார். ஆக, நம்ம அண்ணன் போட்டோவில் காட்டிய அந்த உலகத்துக்கும் இந்தச் சின்னக் கட்டடத்துக்கும் ஒரு நூல் இருக்கிறது. அறுந்துபோகாத நூல்.

உள்ளே ஒரு பளிங்குச் சிற்பம். இதற்காகவே போகலாம். லண்டன் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் செதுக்கியது, செய்யச் சொன்னது தஞ்சாவூர் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி. சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரியில் மரணப்படுக்கையில் இருக்கிறார். சரபோஜி குனிந்து அவர் கையைப் பிடித்திருக்கிறார். பின்னால் இன்னொரு மிஷனரி கெரிக்கே நிற்கிறார். கட்டிலைச் சுற்றி மூன்று பள்ளிச் சிறுவர்கள். தலைப்பாகையோடு ஒரு இந்து ராஜா, ஒரு பாதிரியாரின் கையை விடமாட்டேன் என்பது மாதிரி. சரபோஜி சிறுவனாக இருக்கும்போதே துளஜா மன்னர் அவரை சுவார்ட்ஸ் பொறுப்பில்தான் விட்டுப்போனார். வாரிசுச் சண்டையில் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து வந்தபோது காப்பாற்றியதும் சுவார்ட்ஸ்தான்.

அந்த மூணு பசங்களில் ஒருத்தர் சாஸ்திரியார் என்று நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 1798-ல் அவருக்கு 23 வயசு. கணக்கு உதைக்குது. விட்டுட்டோம்.

ரெண்டாவது, மானம்புச்சாவடியில் இருக்கும் தூய பேதுரு ஆலயம். 1780-ல் சுவார்ட்ஸ் கட்டியது, அவர் கல்லறை இங்கேதான். கல்லின் மேல் இருக்கும் ஆங்கில இரங்கற்பா சரபோஜியே எழுதியது. நாங்கள் போனபோது ஆராதனை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, கைக்குழந்தை, பைபிள், ஹெல்மெட். எங்க பக்கத்துக் கோயில் வாசலுக்கும் இதுக்கும் பைபிள் ஒண்ணுதான் வித்தியாசம். மானம்புச்சாவடி என்றாலே சங்கீதக்காரர்களுக்கு தியாகராஜரின் சீடர் மானம்புச்சாவடி வெங்கடசுப்பய்யர்தான் ஞாபகம் வருவார். ஒரே பேட்டையில் அங்கே தியாகராஜர் வழி, இங்கே சாஸ்திரியார் வழி. நடுவில் ஒரு தெருவோ ரெண்டு தெருவோ.

சாஸ்திரியார் எப்படி இங்கே வந்தார்? 1785-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்குப் போகிறார். அங்கே தேவசகாயம் என்ற கவிஞரின் மகனைப் பார்க்கிறார். பையனுக்கு பதினோரு வயசு. படிக்க வைக்கிறேன் என்று தஞ்சாவூருக்குக் கூட்டிவந்துவிடுகிறார். அதே வீட்டு நிழலில்தான் சரபோஜியும் வளர்கிறார், மூணு வயசு இளையவர். பிறகு தரங்கம்பாடிக்குப் போய் வேதசாஸ்திரத்தோடு வானசாஸ்திரம், உடற்கூறு எல்லாம் படித்துவிட்டு வந்து, இருபது வயதை ஒட்டி தஞ்சாவூர் மிஷன் பள்ளியில் ஆசிரியர் ஆகிறார். அப்புறம் எழுத ஆரம்பித்தவர் தொண்ணூறை நெருங்கும்வரை நிறுத்தவில்லை.

இப்போ, இவர் செய்த காரியம் எவ்வளவு பெரிசு என்று புரிய, அதுக்கு முன்னாடி என்ன இருந்தது என்று தெரியணும். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன்காரர்கள் தங்கள் ஊர்ப் பாட்டுக்களைத் தமிழில் மொழிபெயர்த்தார்கள். ராகம் மட்டும் அப்படியே ஜெர்மன் மெட்டு. மெட்டுக்கு எட்டு அசை வேண்டும் என்றால் தமிழை எட்டாக வெட்ட வேண்டியதுதான். குறில் வர வேண்டிய இடத்தில் நெடிலாக இழுபடும், நெடில் நசுங்கும். நண்பன் காரிலேயே பாடிக் காட்டினான், ஒரே கருத்தை முதலில் மெட்டுக்குள் திணித்த மொழிபெயர்ப்பாக, பிறகு கீர்த்தனையாக. முதலாவது, வேறு ஆளின் அளவுக்குத் தைத்த சட்டை மாதிரி. ரெண்டாவது வேட்டி. யாருக்கும் பொருந்தும் :-)

(இன்னைக்கும் நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளில் பாமாலை, கீர்த்தனை ரெண்டும் பாடுகிறார்கள். பாமாலை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நாலு குரலில் சேர்ந்து பாடும்போது மயிர்க்கூச்செறியும். ஆனா மொழி வேற, மெட்டு வேறன்னு காது கண்டுபிடிச்சிரும்.)

சாஸ்திரியார் கீர்த்தனையோடு நிற்கவில்லை. 1800-ல் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதினார். குற்றாலக் குறவஞ்சி தெரியும்தானே? தலைவி பந்தடிப்பாள், உலா வரும் இறைவன் மேல் காதல் கொள்வாள், குறத்தி வந்து குறி சொல்வாள், அப்புறம் குறத்தியைத் தேடி சிங்கன் பறவை பிடித்துக்கொண்டு வருவான். அந்த அச்சில் அப்படியே கிறிஸ்தவத்தை வார்த்திருக்கிறார். இங்கே தலைவி தேவமோகினி, அவள்தான் திருச்சபை. தலைவன் பெத்லகேம் நாதர். குறி சொல்லும் ஞானச்சிங்கி விசுவாசத்தின் உருவம். கண்ணி வைக்கும் சிங்கனும் அவன் கூட்டாளி நூவனும் ஆத்துமாக்களைப் பிடிக்கும் போதகர்கள். கூடவே சூரியனை நடுவில் வைக்கும் கோப்பர்நிக்கஸ் வானவியலும், கண்டங்களின் புவியியலும் பாட்டாக வருகிறது. குறத்தி வாயில் சூரியக் குடும்பம்! ஒரு இன்ஜினியரா எனக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடிச்சது.

சரபோஜி தன் குலத்தெய்வமான பெரிய கோயில் ஈசன் மேலும் இப்படி ஒரு குறவஞ்சி பாடச் சொன்னார், சாஸ்திரியார் அன்பாக மறுத்துவிட்டார், ராஜாவும் கோபப்படவில்லை என்று ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ இல்லையோ, ரெண்டு பேருக்கும் நடுவில் இருந்த உறவை அந்தக் கதை சரியாகத்தான் சொல்கிறது.

இதுவரைக்கும் எழுதி நிறுத்தியிருந்தா நல்ல சுற்றுலாக் கட்டுரையா இருந்திருக்கும். மிச்சத்தையும் சொல்லணும்.

1820-களில் தஞ்சாவூருக்குப் புதிய தலைமுறை மிஷனரிகள் வந்தார்கள். பழைய ஆட்கள் மாதிரி விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. அவர்களுக்கும் சாஸ்திரியார் தலைமையில் இருந்த பழைய சபையாருக்கும் முட்டிக்கொண்டது. சபையார் எழுதிய புகாரில் முக்கியமாக நாலு கொடுமைகளைச் சொல்கிறார்கள். ஒன்று, பழகிய தமிழ் வேதாகமத்தைத் திருத்துகிறார்கள். ரெண்டு, விசேஷங்களில் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். மூன்று, தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் ஆராதனையிலிருந்து விலக்குகிறார்கள்.

இந்த மூணையும் படிக்கும்போது நமக்கு ரத்தம் கொதிக்கும். எங்கிருந்தோ வந்துட்டு எங்க பூவையும் பாட்டையும் வேண்டாம்னு சொல்ல நீ யாரு? சாஸ்திரியார் பக்கம் போய் நின்றுவிடலாம் போல இருக்கும்.

நாலாவது: வெவ்வேறு சாதியாரைக் கட்டாயமாக ஒன்றாக உட்கார வைக்கிறார்கள்.

அதுவரை தஞ்சாவூர் சபையில் வேளாளர் ஒரு பக்கம், அன்றைய ஆவணங்கள் பறையர் என்று குறிப்பிடும் மக்கள் இன்னொரு பக்கம். நற்கருணையிலும் முதலில் இவர்கள், பிறகு அவர்கள். புதிய மிஷனரிகள் கலந்து உட்காருங்கள், ஒரே பாத்திரத்தில் குடியுங்கள் என்றார்கள். சாஸ்திரியார் மறுத்தார். மறுத்ததோடு விடவில்லை, 1820-களின் கடைசியில் சாதி வழக்கத்தை நியாயப்படுத்தி விரிவாகவே எழுதினார். சாதி என்பது உலக வழக்கம், மதத்தோடு சம்பந்தப்பட்டதில்லை, சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் அனுமதித்ததுதானே என்பது வாதம். மிஷன் வேலை போனது. அரண்மனை கைகொடுத்தது.

1833-ல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் பலர் ஏற்கவில்லை. பின்னாளில் இந்த விஷயத்தில் மென்மையாக நடந்துகொண்ட லைப்சிக் மிஷனின் பக்கம் நிறைய பேர் போனார்கள். ஆமாங்க, அதே லைப்சிக். நூல் அறுந்துபோகாது என்று சொன்னேன் இல்லையா, அது எல்லா நேரமும் நல்ல நூலாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

எனக்கு உறுத்தியது இதுதான். குறவஞ்சியில் சுவிசேஷத்தைக் கொண்டுவருகிறவள் யார்? மலைக்குறத்தி. தலைவி உயர்குலப் பெண். அவள் வாசல் வரைக்கும் வந்து, கையைப் பிடித்து ரேகை பார்த்துக் குறி சொல்கிறாள் குறத்தி. கவிதையில் கையைத் தொடலாம். சர்ச்சில் பக்கத்தில் உட்காரக் கூடாது. ஒரே ஆளின் தலைக்குள் இந்த ரெண்டும் எப்படி இருந்தது?

இதையெல்லாம் நான் முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். நண்பனுக்குத் தெரியாது. மானம்புச்சாவடியில் மரத்தடியில் வைத்துச் சொன்னேன். அவன் குடும்பம் திருமங்கலம் பக்கத்துச் சேரியிலிருந்து அவன் தாத்தாவுக்குத் தாத்தா காலத்தில் மதம் மாறிய குடும்பம். கொஞ்ச நேரம் சர்ச்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்போ நான் அந்தப் பக்கம் உக்காந்திருப்பேன்."

"ம்."

"உள்ள போய் ஒரு தடவை நல்லா உக்காந்துட்டு வந்துர்றேன் மாப்ள."

போனான். முன் வரிசையிலேயே, சரியா நடுவில், பத்து நிமிஷம். நான் வெளியே நின்றேன். கூடப் போகத் தோன்றவில்லை.

திரும்பும்போது காரில் பாட்டு இல்லை. புதுக்கோட்டை தாண்டும்போது அவனே கேட்டான்: "அடுத்த ஞாயித்துக்கிழமை நான் இவரு பாட்டைப் பாடவா, வேணாமா?"

எனக்குத் தெரிந்த இன்னொரு துண்டு வரலாற்றைச் சொன்னேன். இது நம்ம ஊர் சம்பந்தப்பட்டது.

மதுரைக்கு அமெரிக்கன் மிஷன் 1834-ல் வந்தது. திருமங்கலமும் அவர்களுடைய நிலையங்களில் ஒன்று. 1847-ல் அந்த மிஷன் ஒரு கறாரான முடிவெடுத்தது. சபையின் ஊழியர்கள் எல்லாச் சாதியாரும் சேர்ந்து ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். அன்பின் விருந்து என்று பெயர். சாப்பிட மறுத்தவர்களுக்கு வேலை இல்லை. பல உபதேசியார்கள் விலகிப்போனார்கள், சபைகள் மெலிந்தன. மிஷன் பின்வாங்கவில்லை.

அதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்கிற அமெரிக்கர்தான், ஆறு வருஷம் கழித்து 1853-ல், தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து ஆராதனைப் பாட்டுப் புத்தகமாக அச்சிட்டார். இந்த ஜனங்கள் அவர்களுடைய ராகத்தில் பாடினால்தான் அது அவர்களுடைய வழிபாடு என்று நம்பியவர். அந்தப் பாட்டுக்களுக்கு யாரிடம் போனார்? தஞ்சாவூர்க் கிழவரிடம். சாஸ்திரியாருக்கு அப்போது எண்பது நெருங்குகிறது. சொந்த ஊர் மிஷனரிகள் ஆராதனையிலிருந்து ஒதுக்கிய பாட்டுக்கள் மதுரைப் பக்கம் வந்து, புத்தகமாகி, தமிழ்ச் சபைகள் எல்லாவற்றுக்கும் பரவின.

ஆக நடந்தது என்னவென்றால், தஞ்சாவூரில் பாட்டும் சாதியும் ஒரே மனுவில் சேர்ந்து இருந்தன. மனு எழுதியவருக்கு நாலும் ஒன்றுதான், நாலும் 'நம்ம வழக்கம்'. எதிர்த்த வெள்ளைக்காரர்களில் பலருக்கும் நாலும் ஒன்றுதான், நாலும் 'அஞ்ஞானம்'. மதுரையில்தான் பிரித்தார்கள். சாதியை விருந்துப் பந்தியில் வைத்து உடைத்தார்கள், பாட்டை எடுத்து வைத்துக்கொண்டார்கள். எங்க பாஷையில் சொன்னால், பழைய கோடை மொத்தமா தூக்கிப் போடவும் இல்லை, மொத்தமா வைத்துக்கொள்ளவும் இல்லை. உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தார்கள். அதுதான் கஷ்டமான வேலை என்று கோட் எழுதுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

(அமெரிக்கர்கள் எல்லாம் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. அதே காலத்தில் அவர்கள் நாட்டில் அடிமை வியாபாரம் சந்தையில் நடந்துகொண்டிருந்தது.)

இதை ஏதோ சர்ச்சுக்குள் நடந்த கதை என்று நான் தள்ளி நின்று சொல்லிவிடவும் முடியாது. சியாமா சாஸ்திரி மீனாட்சி மேல் பாடிய நவரத்தினமாலிகை, தீட்சிதர் மீனாட்சி மேல் பாடிய கிருதி, ரெண்டையும் நான் உருகிக் கேட்கிறவன். அந்த மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு வைத்தியநாதய்யர் அழைத்துக்கொண்டு போனதையும் எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்பதை மதுரைக்காரங்க மறந்திருக்க மாட்டோம். அந்தக் கிருதிகளைக் கேட்கும்போது, கதவுக்கு வெளியே நின்றது யார் என்று நான் ஒருநாளும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய கட்டாயம் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான். நண்பனுக்குத் தஞ்சாவூர் மரத்தடியில் வந்துவிட்டது.

திருமங்கலம் வந்து சேர ராத்திரி எட்டு. அவன் வீட்டில் தோசை. அவனுடைய அம்மாச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதிக்கு மேல் மனப்பாடம். சமையல்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கும்போது பாடிக்கொண்டே இருப்பார். நண்பன் விஷயத்தை மறைக்கவில்லை. அந்தச் சாஸ்திரியார் நம்மளோட சேர்ந்து உட்கார மாட்டேன்னு எழுதினவராம் அம்மாச்சி என்று நேராகவே சொன்னான்.

அவர் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியா சொன்னாரு? எனக்குத் தெரியாதே... எனக்கு இந்தப் பாட்டெல்லாம் எங்கம்மா சொல்லிக் குடுத்தது. களையெடுக்கப் போறப்ப வரப்புல ஒக்கார வெச்சுச் சொல்லிக் குடுப்பாக. எழுதினவரு பேரெல்லாம் யாரு கேட்டா?"

அப்புறம் தோசை கருகுதே, பாருடா என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது ஒரு பெரிய பிரச்சினையாகவே படவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு ராத்திரி அவர் பாடவில்லை என்று மறுநாள் நண்பன் சொன்னான். அதற்கு மறுநாள் பாடினாராம்.

என் கருத்து இது. சாஸ்திரியார் பெரிய கலைஞர், அதனால் மற்றதை விட்டுவிடுவோம் என்பது சரியில்லை. விட்டால் அந்தச் சபையில் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் மறுபடி ஒருமுறை காணாமல் போவார்கள். மற்றது இருப்பதால் கலையைத் தூக்கிப்போடுவோம் என்பதும் சரியில்லை. போட்டால் போவது சாஸ்திரியாருடையது மட்டும் இல்லை, வரப்பில் உட்கார்ந்து பாடக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமியுடையதும்தான். எழுதியவரை விட அதிக வருஷம் அந்தப் பாட்டைச் சுமந்து வந்திருப்பது அவர்கள்தான். அவர் பிரித்து வைக்கச் சொன்ன ரெண்டு பக்கமும் இன்றைக்கு ஒரே வரிசையில் நின்று அவர் பாட்டைப் பாடுகிறது.

லைப்சிக் மாதிரி டிக்கெட், கச்சேரி, நினைவுப்பொருள் கடை எல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். தஞ்சாவூர் போகிற எல்லாரும் பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால் என்று ஒரு சுற்று வந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அடுத்த தடவை சிவகங்கைக் குளத்துப் பக்கம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், ஃபிளாக்ஸ்மன் சிற்பத்தைப் பாருங்கள். அப்படியே மானம்புச்சாவடிக்கு ஒரு எட்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் நல்லது. ஆராதனை நடக்கும்போது பின்வரிசையில் சும்மா உட்கார்ந்து கேளுங்கள். ராகம் தெரிந்தவர்கள் கூடப் போனால் இன்னும் நல்லது.

நண்பன் அந்த ஞாயிற்றுக்கிழமை பாடினானா என்று கேட்பீர்கள். பாடினான். பாடுவதற்கு முன்னால் இதை எழுதியவர் யார், என்ன செய்தார், நல்லது கெட்டது ரெண்டையும் ரெண்டு நிமிஷத்தில் சபையில் சொல்லிவிட்டுப் பாடினான். சிலருக்குப் பிடிக்கவில்லையாம். ஒரு பெரியவர் மட்டும் வெளியே வரும்போது கையைப் பிடித்து, "தம்பி, சரணத்துல ரெண்டாவது வரி தாளம் தள்ளிருச்சு, அதைப் பாத்துக்க" என்றாராம்.